ஆரம்ப நிலை, ஆனால் கறுப்பின் முறை: இது நடக்குமா?

தாவும்குதிரை

செஸ் பலகையில் 32 காய்களும் தொடங்கிய கட்டத்திலேயே இருக்கின்றன. ஒன்றும் வெட்டுப்படவில்லை, ஒன்றும் இடம் மாறவில்லை. ஆனால் அடுத்து நகர்த்த வேண்டியது கறுப்பு. முதல் நகர்விலிருந்து விதி மீறாமல் ஆடிக்கொண்டே வந்து இந்த இடத்தை அடைய முடியுமா?

எஞ்சினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில் போட்டுப் பார்க்காதீர்கள், பிரயோஜனம் இல்லை. அது மதிப்பெண் கொடுத்துவிட்டு சிறந்த நகர்வையும் சொல்லிவிடும், இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே கேட்காது. ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) விதிகள் கேட்கின்றன: விதிக்குட்பட்ட நகர்வுகளின் எந்தத் தொடராலும் அடைய முடியாத நிலை விதிக்குப் புறம்பானது என்று 3.10.3 சொல்கிறது. "எந்தத் தொடராலும்" என்பதைக் கவனியுங்கள். ஆடுகிறவர்கள் புத்தியோடு ஆட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கலாம், குதிரையை நூறு தடவை முன்னும் பின்னும் ஓட்டலாம், எல்லாம் செல்லும்.

இந்த மாதிரி "வருமா வராதா" புதிர் வேறு தெரிந்தாலும் போடுங்கள்.

புதுவரவு

இது சுலபம்தானே? வெள்ளை ஒரே ஒரு நகர்வை வீணாக்கினால் போதும். குதிரையை வெளியே எடுத்து, யானையை ஒரு கட்டம் தள்ளி, ஏதாவது சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் கணக்கு ஒன்று கூடிவிடும். முடிகிற மாதிரிதான் தெரிகிறது.

கணக்கன்

அந்த "ஏதாவது சுற்றிவிட்டு" என்பதை எழுதிப் பாருங்கள், அங்கேதான் மாட்டும்.

எந்தெந்தக் காய் அசைந்திருக்க முடியும்? சிப்பாய் பின்னால் போகாது, எல்லாச் சிப்பாயும் தொடங்கிய இடத்தில் இருக்கிறதென்றால் ஒன்றுகூட அசையவில்லை. சிப்பாய் அசையாமல் பிஷப் வெளியே வர முடியாது, ராணியும் ராஜாவும் அப்படியே. மிச்சம் குதிரையும் யானையும்தான். யானைக்கும் பெரிய சுதந்திரம் இல்லை. (கட்டங்களின் பெயர்: வெள்ளையின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச், வெள்ளையின் பக்கமிருந்து மேலே 1 முதல் 8.) ஏ1 யானை குதிரை வெளியே போன நேரத்தில் பி1க்குப் போகலாம், திரும்பி ஏ1க்கு வரலாம், அதைத் தாண்டினால் சி1இல் பிஷப் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு யானையும் வீடு திரும்ப எடுத்துக்கொண்ட நகர்வுகள் இரட்டைப்படை.

குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். பி1 வெளிர்க் கட்டம். அங்கிருந்து கிளம்பியது எவ்வளவு ஊர் சுற்றினாலும் அங்கேயே திரும்ப இரட்டைப்படைத் தாவல்கள் வேண்டும். இரண்டு குதிரைகளும் இடம் மாற்றிக்கொண்டால்? ஜி1 கருங்கட்டம், அதனால் ஒன்று ஒற்றைப்படை, மற்றதும் ஒற்றைப்படை, கூட்டினால் மறுபடி இரட்டை. ஆக வெள்ளையின் மொத்த நகர்வுகள் இரட்டைப்படை, கறுப்புக்கும் அதே கணக்கு.

இப்போது கறுப்பின் முறை என்றால் வெள்ளை கறுப்பைவிடச் சரியாக ஒரு நகர்வு அதிகம் ஆடியிருக்க வேண்டும். இரண்டு இரட்டைப்படை எண்களுக்கு நடுவே ஒன்று வித்தியாசம் வராது. நிலை சாத்தியமில்லை.

புதுவரவு

அடேயப்பா. அப்படியானால் வெள்ளைக் குதிரை ஒன்று மட்டும் சி3இல், மற்ற எல்லாம் தொடக்கத்தில், வெள்ளையின் முறை என்றால் அதுவும் வராதா?

கணக்கன்

வராது. வெள்ளை ஒற்றைப்படை, கறுப்பு இரட்டைப்படை, அதனால் அங்கே எப்போதும் கறுப்பின் முறைதான். ஆனால் ஈ2 சிப்பாய் ஈ3க்குப் போய்விட்ட நிலையாகக் கொடுத்தால் இந்த வாதம் மொத்தமாகச் சரிந்துவிடும். பிஷப் எஃப்1, ஈ2, டி3, மறுபடி எஃப்1 என்று மூன்றே நகர்வில் சுற்றி வந்துவிடும். ஒரு முக்கோணம் கிடைத்தால் போதும், ஒற்றை இரட்டைக் கணக்கு செத்தது. அதே போல ஜி1 குதிரை மட்டும் வெட்டுப்பட்டுப் போய், மற்றதெல்லாம் தொடக்கத்தில் என்றால் யார் முறையாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் அது எத்தனை தாவிய பிறகு செத்தது என்று யாருக்குத் தெரியும்.

ஓரச்சிப்பாய்

ஆரம்ப நிலையே தப்பு என்று ஆன பிறகு நேர்மாறாக ஒன்று. ஏ வரிசையில் ஆறு வெள்ளைச் சிப்பாய்கள், ஏ2, ஏ3, ஏ4, ஏ5, ஏ6, ஏ7, ஒன்றன் மேல் ஒன்றாக. பார்த்தாலே யாரோ குழந்தை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். வருமா?

யானைக்காரன்

கட்டாயம் வராது. ஆறு சிப்பாய் ஒரே வரிசையிலா?

ஓரச்சிப்பாய்

வரும், ஆனால் மயிரிழையில்தான் வரும். சிப்பாய் பக்கத்து வரிசைக்குப் போக ஒரே வழி வெட்டுவது. ஏ சிப்பாய் அசையவே வேண்டாம். பி சிப்பாய் ஏ வரிசைக்கு வர ஒரு வெட்டு, சி சிப்பாய்க்கு இரண்டு, டிக்கு மூன்று, ஈக்கு நான்கு, எஃப்புக்கு ஐந்து. கூட்டினால் 15. கறுப்பில் ராஜாவைத் தவிர மொத்தம் எத்தனை காய்? அதே 15.

இதில் எனக்குப் பிடித்தது உயரமும் துல்லியமாகப் பொருந்துவதுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் சிப்பாய் ஒரு படி மேலே ஏறும், அதனால் பி2 சிப்பாய் ஏ3இல் நிற்கும், சி2 சிப்பாய் ஏ4இல், இப்படியே போய் எஃப்2 சிப்பாய் ஐந்து வெட்டில் ஏ7. நேராக ஓர் அடிகூட வைக்க இடமில்லை. ஆகவே கறுப்பிடம் தனி ராஜா மட்டும் இருந்தால் சரி, கூட ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் அந்த நிலை பொய். இதையே டி வரிசையில் அடுக்கினால் இரண்டு பக்கமிருந்தும் சிப்பாய்கள் வரலாம், 9 வெட்டு போதும்.

யானைக்காரன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கறுப்பின் எஃப், ஜி, எச் சிப்பாய்கள் எப்படி இந்தப் பக்கம் வந்து வெட்டுப்படும்? அவை தூரத்தில் இருக்கின்றனவே.

ஓரச்சிப்பாய்

நல்ல கேள்வி. அவையும் வெள்ளையிடமிருந்து ஏதாவது வெட்டிப் பாதை மாறலாம், கடைசி வரிசைக்குப் போய் வேறு காயாக மாறியும் வரலாம். குதிரையாகவோ யானையாகவோ மாறிய பிறகு எந்தக் கட்டத்திலும் போய்ச் சாகலாம். கறுப்பு எதை வெட்டியது என்று புதிரில் கட்டுப்பாடே இல்லை, வெள்ளையிடம் காய்கள் தாராளமாக இருக்கின்றன.

மௌனராணி

எண்ணிக்கை சரியாக வந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கும் ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன். வெள்ளையின் 16 காய்களும் பலகையில். சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, சி3, ஈ2, எஃப்2, ஜி2, எச்2, அதாவது டி சிப்பாய் வெட்டி சி3க்கு வந்த மாதிரி. கறுப்பிடம் 15 காய்கள். காணாமல் போனது கருங்கட்டத்து பிஷப் ஒன்றுதான். கறுப்பின் எட்டுச் சிப்பாய்களும் உள்ளன, அவற்றில் ஈ7, ஜி7 இரண்டும் அசையவில்லை.

ஒரு வெட்டு தேவை, ஒரு காய் குறைகிறது. சி3 கருங்கட்டம், குறைவதும் கருங்கட்டத்து பிஷப். எல்லாம் ஜோராகப் பொருந்துகிறது, இல்லையா?

தாவும்குதிரை

ஆனால் அந்த பிஷப் வெளியே வந்ததே இல்லை! எஃப்8இல் பிறந்து எஃப்8இலேயே செத்திருக்கிறது. இரண்டு வாசலும் ஈ7, ஜி7 சிப்பாய்களால் அடைபட்டிருக்கும்போது அது எப்படி சி3க்கு வந்து வெட்டுப்படும்? ஏதோ ஒரு வெள்ளைக் காய் உள்ளே புகுந்து அங்கேயே அதை வெட்டியிருக்க வேண்டும். அப்படியானால் சி3 சிப்பாய் வெட்டியது யாரை? ஆளே இல்லை.

மௌனராணி

அதேதான். வீட்டுக்குள்ளேயே செத்த பிஷப்பைச் சிப்பாய்களின் வெட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இந்தப் புதிர்களைப் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பி2 டி2, ஈ2 ஜி2, பி7 டி7, ஈ7 ஜி7 என்ற இந்த நான்கு ஜோடிகளைத்தான். இதன் இன்னொரு முகம், ஈ7 ஜி7 அசையாமல் இருக்க, கறுப்பின் கருங்கட்டத்து பிஷப் டி4இல் ஜம்மென்று நின்றால் அது பிறவி பிஷப் இல்லை, சிப்பாய் மாறி வந்தது. கறுப்பிடம் எட்டுச் சிப்பாயும் இருந்தால் உடனே பொய் என்று சொல்லிவிடலாம்.

புதுவரவு

சிப்பாய் மாறுவது என்றதும் கேட்கத் தோன்றியது, இரண்டு பக்கமும் எல்லாச் சிப்பாய்களும் ராணியாகி மொத்தம் 18 ராணிகள் பலகையில் இருக்க முடியுமா? இணையத்தில் அப்படிப் படங்கள் பார்த்திருக்கிறேன், எல்லாம் சும்மா அடுக்கியது என்றே நினைத்தேன்.

கணக்கன்

எண்ணிக்கை அளவில் முடியும். எதிரெதிர்ச் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாண்ட வேண்டும், அதுதான் சிக்கல். இரண்டு வரிசைகளை ஜோடியாக எடுங்கள். வெள்ளையின் ஏ சிப்பாய் பி வரிசையில் ஒரு காயை வெட்டுகிறது, கறுப்பின் பி சிப்பாய் ஏ வரிசையில் ஒரு காயை வெட்டுகிறது. இப்போது ஏ வரிசை முழுக்கக் கறுப்பு, பி வரிசை முழுக்க வெள்ளை, நான்கு சிப்பாய்களுக்கும் நேர்வழி. ஜோடிக்கு இரண்டு வெட்டு, நான்கு ஜோடிக்கு 8. இரண்டு பக்கமும் சேர்த்து யானை, குதிரை, பிஷப் 12 இருக்கின்றன, அவற்றில் 8 போனால் பரவாயில்லை. பழைய ராணிகளைத் தொடவே வேண்டாம், 16 புதியது, 2 பழையது.

இதற்கு எதிர்முனையில் 32 காய்களும் பலகையில் இருந்துகொண்டு, அதில் ஒன்றே ஒன்று மாறி வந்த காய் என்றால்கூட அந்த நிலை பொய். யாருமே வெட்டவில்லை என்றால் எந்தச் சிப்பாயும் எதிரே நிற்பவனைத் தாண்டியிருக்காது.

யானைக்காரன்

எண்ணிக்கை வேலையெல்லாம் எனக்கு அலுப்பு. செக் சம்பந்தமாக ஏதாவது சொல்லுங்கள். இரண்டு ராஜாவுக்கும் ஒரே நேரத்தில் செக், ராஜாக்கள் ஒட்டி நிற்பது, முதல் வரிசையில் சிப்பாய், இந்த மாதிரி வெளிப்படையானதை விட்டுவிட்டு.

ஓரச்சிப்பாய்

கறுப்பு ராஜா டி3இல், வெள்ளைச் சிப்பாய் ஈ2இல், கறுப்பின் முறை. மற்றவை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

யானைக்காரன்

சிப்பாய் ராஜாவுக்கு செக் வைக்கிறது. இதில் என்ன?

ஓரச்சிப்பாய்

அந்தச் சிப்பாய் ஈ2இல் இருக்கிறது, அதாவது அது அசைந்ததே இல்லை. செக் வைத்தது வெள்ளையின் கடைசி நகர்வு. சிப்பாய் செக் வைக்க வேண்டுமென்றால் அதுவே நகர்ந்து வர வேண்டும், ஏனென்றால் அது ஒட்டிய கட்டத்தைத்தான் தாக்குகிறது, நடுவில் மறைத்து நின்ற வேறு காய் விலகித் திறந்துவிட வழியில்லை. அப்படியானால் ராஜாவே வந்து நின்றதா? செக்குக்குள் ராஜா போகக் கூடாது. தொடக்க வரிசையில் நிற்கும் சிப்பாயிடமிருந்து செக் என்றாலே, வேறு எதையும் பார்க்க வேண்டாம், பொய்.

மௌனராணி

இரட்டை செக்குக்கும் இதே தர்க்கம்தான். இரண்டு குதிரைகள் ஒரே சமயம் செக் வைக்க முடியாது, குதிரையின் தாக்குதலை யாரும் மறைக்க முடியாதே, முதல் குதிரை ஏற்கெனவே செக் வைத்துக்கொண்டிருந்திருக்கும். குதிரையும் சிப்பாயும் சேர்ந்தும் முடியாது. இரண்டு யானைகள் முடியும், ஆனால் ஒரு தந்திரம் வேண்டும்: வெள்ளை யானை ஈ1, சிப்பாய் ஈ7, கறுப்பு ராஜா ஈ8, டி8இல் ஒரு கறுப்புக் காய். சிப்பாய் டி8இல் வெட்டி யானையாக மாறினால் பக்கவாட்டில் ஒரு செக், பின்னாலிருந்து ஒரு செக். மாறி வரும் காய் இல்லாமல் இரண்டு யானை செக் கிடையாது.

புதுவரவு

அப்படியே இரண்டு பிஷப்பும் முடியுமா?

மௌனராணி

எனக்குத் தெரிந்து அதுதான் அழகான மறுப்பு. இரண்டும் ஒரே ராஜாவைத் தாக்குகின்றன என்றால் இரண்டும் ஒரே நிறக் கட்டத்தவை, ஒன்று மாறி வந்தது, அதில் தப்பில்லை. ஆனால் கடைசி நகர்வு என்ன? ஒரு பிஷப் நகர்ந்து மற்றதன் கோட்டைத் திறந்தது என்றால், அது முன்பு நின்ற இடமே ராஜாவின் சாய்வுக் கோட்டில்தான், அங்கிருந்தே செக் இருந்திருக்கும். சிப்பாய் கடைசி வரிசையில் பிஷப்பாக மாறிக்கொண்டே பின்னாலிருந்த பிஷப்புக்கு வழிவிட்டது என்றால், வடிவியல் ஒத்துவரவில்லை, ஈ7 சிப்பாயை வைத்து டி8, எஃப்8 எல்லாம் போட்டுப் பாருங்கள், திறக்கிற கோட்டில் நிற்கும் ராஜாவைப் புது பிஷப்பால் எட்டவே முடியாது. ஆன் பாசான் வெட்டில் (இரண்டு கட்டம் குதித்து வந்து பக்கத்தில் நின்ற சிப்பாயை, அது ஒரு கட்டம்தான் வந்தது போல, எதிர்ச் சிப்பாய் உடனே அடுத்த நகர்விலேயே வெட்டுவது) ஒரே நேரத்தில் இரண்டு கட்டங்கள் காலியாகின்றன, ஆனால் அவை பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், நிறம் வேறு வேறு. ஆக இரண்டு பிஷப் செக் என்பது எப்போதுமே இல்லை.

தாவும்குதிரை

ஆன் பாசானை மௌனராணி எடுத்துவிட்டதால் நான் வைத்திருந்ததைப் போடுகிறேன். மொத்தம் ஐந்தே காய்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, யானை ஈ1, பிஷப் பி3, சிப்பாய் டி6.
கறுப்பு: ராஜா ஈ6, அவ்வளவுதான்.

கறுப்பின் முறை. யானையும் செக் வைக்கிறது, பிஷப்பும் செக் வைக்கிறது. கடைசி நகர்வு என்ன?

யானைக்காரன்

இது வராது. பிஷப் ஈ வரிசையில் எங்கோ நின்று விலகி வந்திருக்க வேண்டும். பி3க்கு வரும் வழிகள் ஏ2, ஏ4, சி2, டி1, அப்புறம் ராஜாவை நோக்கிய சி4, டி5. எதுவும் ஈ வரிசையில் இல்லை. சரி, யானை நகர்ந்து பிஷப்பைத் திறந்ததா என்றால், யானை சி4இலோ டி5இலோ நின்றிருக்க வேண்டும், அங்கிருந்து ஈ1க்கு ஒரே நகர்வில் வர முடியாது. வெள்ளை ராஜா விலகினால் ஒரு கோடுதான் திறக்கும். பிஷப் சி4இல் இருந்திருந்தால் ஈ2இலிருந்து வந்தது என்று சொல்லி முடித்திருப்பேன்.

தாவும்குதிரை

அதனால்தான் அதை பி3இல் வைத்தேன். சிப்பாயை விட்டுவிட்டீர்கள்.

யானைக்காரன்

சிப்பாய் டி5இலிருந்து டி6க்கு வந்தது என்றால் பிஷப்பின் கோடு திறக்கும், ஆனால் யானையின் செக் முன்பே இருந்திருக்கும். ஈ5இலிருந்து டி6இல் எதையோ வெட்டியது என்றால் யானையின் கோடு திறக்கும், ஆனால் பிஷப்பின் செக் முன்பே இருந்திருக்கும். ஏதாவது ஒன்றுதான் திறக்கிறது.

கணக்கன்

இரண்டையும் சேருங்கள். ஈ5இலிருந்து டி6க்கு வந்தது, ஆனால் வெட்டியது டி6இல் இருந்ததை இல்லை, டி5இல் இருந்ததை.

நடந்தது இதுதான். வெள்ளைச் சிப்பாய் ஈ5இல் நின்று யானையை மறைத்துக்கொண்டிருக்கிறது. பிஷப் ஏ4இலிருந்து பி3க்கு வந்து ராஜாவுக்கு செக் வைக்கிறது. கறுப்பு டி7 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி டி5இல் நிறுத்தி செக்கை மறைக்கிறது. ஈ5 சிப்பாய் அதை ஆன் பாசானில் வெட்டி டி6க்குப் போகிறது. ஈ5 காலி, யானை திறந்தது. டி5 காலி, பிஷப் திறந்தது. வெட்டிய சிப்பாய் தாக்குவது சி7ஐயும் ஈ7ஐயும்தான், அது செக்கே வைக்கவில்லை. இரண்டு கோடுகள் ஒரே நகர்வில் திறக்க இந்த விதியைத் தவிர செஸ்ஸில் வேறெந்த வழியும் இல்லை, அதனால் பலகையில் இப்போது இல்லாத ஒரு கறுப்புச் சிப்பாயின் கடைசி நடையைக்கூட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

யானைக்காரன்

ஐந்து காயை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலையா. இந்த விதியை ஆடும்போதே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

புதுவரவு

அப்படியென்றால் மூன்று காய் ஒரே நேரத்தில் செக் வைக்க முடியுமா? அந்த சிப்பாயும் சேர்ந்து செக் வைத்தால்?

கணக்கன்

அந்த சிப்பாய் டி6இலிருந்து செக் வைக்க ராஜா சி7இலோ ஈ7இலோ இருக்க வேண்டும். ஈ7 என்றால் ஈ5 காலியானதால் யானை செக் வரும், ஆனால் டி5இலிருந்து ஈ7க்கு நேர்கோடும் இல்லை, சாய்கோடும் இல்லை. சி7 என்றால் டி5 வழியாகக் கோடு கிடையாது, ஈ5 வழியாக வரும் சாய்கோட்டை டி6இல் சிப்பாயே அடைத்து நிற்கிறது. மூன்று வராது. இரண்டே உச்சம்.

ஓரச்சிப்பாய்

நடுவில் ஒரு தகவல். எத்தனை நிலைகள் உண்மையில் சாத்தியம் என்று ஜான் ட்ராம்ப் என்பவர் மதிப்பிட்டிருக்கிறார். சில அடிப்படைக் கட்டுப்பாடுகளோடு காய்களை அடுக்கும் வழிகள் சுமார் 8.7 × 10இன் 45ஆம் அடுக்கு, அவற்றிலிருந்து குருட்டாம்போக்கில் மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றும் வருமா வராதா என்று பார்த்ததில் நூற்றுக்கு ஐந்தாறுதான் தேறியது. அதிலிருந்து கிடைத்த மதிப்பு சுமார் 4.8 × 10இன் 44ஆம் அடுக்கு. 1950இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் சொன்ன 10இன் 43ஆம் அடுக்கு என்பதைவிடப் பெரியது, ஆனால் ஷானன் அப்போது சும்மா ஒரு வரியில் போட்ட கணக்கு அது, குறை சொல்ல முடியாது.

மௌனராணி

அந்த மாதிரிகளில் பெரும்பாலானவை பார்க்கவே காட்டுத்தனமாக இருக்கும், ஆளாளுக்கு நாலைந்து மாறி வந்த காய்களோடு. உண்மையான ஆட்டங்களில் அவற்றின் பக்கத்தில்கூட யாரும் போவதில்லை.

தாவும்குதிரை

காஸ்லிங் இன்னும் வரவில்லையே, அதாவது ராஜா யானைப் பக்கம் இரண்டு கட்டம் போக, யானை அதைத் தாண்டி வந்து நிற்கும் நகர்வு; இரண்டில் எதுவும் அதற்கு முன் அசைந்திருக்கக் கூடாது. கறுப்பு ராஜா ஈ8, யானை ஏ8, சிப்பாய்கள் ஏ7, எஃப்7, ஜி7. வேறு கறுப்புக் காய் இல்லை. வெள்ளையிடம் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். வெள்ளையின் முறை. கறுப்பு பிறகு காஸ்லிங் செய்யலாமா?

புதுவரவு

ராஜாவும் யானையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, நடுவில் காலி. செய்யலாம்?

தாவும்குதிரை

வெள்ளையின் முறை என்றால் சற்று முன் கறுப்பு ஏதோ நகர்த்தியிருக்கிறது. நகர்த்திய காய் இன்னும் பலகையில்தான் இருக்க வேண்டும், அதை வெட்ட வெள்ளைக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஏழாம் வரிசையில் நிற்கும் கறுப்புச் சிப்பாய்கள் அசைந்திருக்க முடியாது. மிச்சம் ராஜாவும் யானையும்தான். எது நகர்ந்திருந்தாலும் காஸ்லிங் போச்சு. அதே நிலையில் ஜி7 சிப்பாயை ஜி6இல் வையுங்கள், கடைசி நகர்வு அதுவாக இருந்திருக்கலாம், காஸ்லிங் உயிரோடு இருக்கிறது.

யானைக்காரன்

"இருந்திருக்கலாம்" என்றால் எப்படி? தெரியாதபோது செய்யலாமா கூடாதா?

மௌனராணி

செஸ் புதிர்களுக்கென்று சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் இதற்குத் தெளிவான வழக்கம் உண்டு. காஸ்லிங் முடியாது என்று நிரூபிக்கப்படாத வரை முடியும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆன் பாசான் தலைகீழ், எதிராளியின் கடைசி நகர்வு அந்த இரட்டை அடிதான் என்று நிரூபித்தால் மட்டுமே வெட்டலாம். காரணமும் நியாயமானது, ராஜா ஈ1இல் நின்றால் அது அசையாமல் நிற்கிறது என்பது இயல்பான எதிர்பார்ப்பு, ஆனால் நடுவில் நிற்கும் ஒரு சிப்பாய் இப்போதுதான் குதித்து வந்தது என்பது அபூர்வம்.

இந்த இரண்டு வழக்கமும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியம். இதைப் பாருங்கள்:

வெள்ளை: ராஜா சி5, சிப்பாய்கள் சி6, ஈ5, ஈ6.
கறுப்பு: ராஜா ஈ8, யானை ஏ8, சிப்பாய்கள் ஏ7, டி5.

வெள்ளையின் முறை. ஈ5 சிப்பாய் டி5 சிப்பாயை ஆன் பாசானில் வெட்டலாமா?

கணக்கன்

கறுப்பின் கடைசி நகர்வைத் தேடுவோம். ஏ7 அசையவில்லை. டி5 சிப்பாய் என்றால் எங்கிருந்து வந்தது? சி6இலோ ஈ6இலோ இருந்து வெட்டி வந்திருக்க முடியாது, அந்தக் கட்டங்களில் வெள்ளைச் சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. டி6இலிருந்து ஓர் அடி வந்ததா? அப்படியானால் அது டி6இல் நின்றபோது சி5இல் இருக்கும் வெள்ளை ராஜாவுக்கு செக், கறுப்பின் முறையில் வெள்ளை செக்கில் நிற்பது விதிக்குப் புறம்பு. ஆக சிப்பாய் நகர்ந்தது என்றால் டி7இலிருந்து இரண்டு அடிதான். இல்லையென்றால் ராஜாவோ யானையோ நகர்ந்தது.

ஆகவே இரண்டில் ஒன்று உறுதி: ஆன் பாசான் செல்லும், அல்லது கறுப்புக்கு காஸ்லிங் கிடையாது.

புதுவரவு

இரண்டும் சேர்ந்தே நடக்க வாய்ப்பு இருக்கிறதா? ராஜா எப்போதோ ஒரு தடவை நகர்ந்து திரும்பி வந்திருந்து, கடைசி நகர்வு மட்டும் டி5 என்றால்?

கணக்கன்

இருக்கிறது. அப்போது காஸ்லிங்கும் இல்லை, ஆன் பாசானும் உண்டு. மூன்று கதைகள் சாத்தியம், நான்காவது மட்டும்தான் அடைபட்டது, அதாவது கறுப்பு காஸ்லிங் செய்யலாம், ஆனால் வெள்ளை ஆன் பாசான் வெட்டக் கூடாது என்பது. அதனால் வெள்ளை வேறு ஏதோ ஆடி, கறுப்பு காஸ்லிங் செய்தால், கடைசி நகர்வு டி5தான் என்று கறுப்பே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் வெள்ளை வெட்ட வேண்டிய நேரம் அதற்குள் தாண்டிப் போயிருக்கும்.

மௌனராணி

அதுதான் சங்கடம். வெட்டும் நேரத்தில் நிரூபணம் கையில் இல்லை. டி5 என்பதற்கு ஒரே ஆதாரம் கறுப்பின் காஸ்லிங் உரிமை, அந்த உரிமையும் வெறும் அனுமானம். ஒரு வழக்கத்தை இன்னொரு வழக்கத்துக்குச் சாட்சியாக நிறுத்தலாமா என்பதில்தான் இந்தப் புதிர்க்காரர்கள் வெவ்வேறு பள்ளிகளாகப் பிரிகிறார்கள். ஒரு பள்ளி, யார் முதலில் தன் உரிமையைப் பயன்படுத்துகிறாரோ அவருக்கே சாதகம் என்கிறது. இன்னொன்று, நீ முதலில் ஆன் பாசான் வெட்டு, பிறகு அதே தீர்வுக்குள் காஸ்லிங் நடந்து அதை நியாயப்படுத்தினால் சரி என்கிறது.

யானைக்காரன்

நடுவர் ஒருவர் நிஜ ஆட்டத்தில் இதைப் பார்த்தால் நகர்வுக் குறிப்பேட்டைத் திறந்து கடைசி வரியைப் படித்துவிட்டுப் போவார்.

மௌனராணி

குறிப்பேடு இருந்தால் புதிரே இல்லையே! என் ஓட்டு இரண்டாவது பள்ளிக்கு. ஆனால் இந்த நிலையில் அதுவும் உதவாது, ஏனென்றால் நியாயப்படுத்த வேண்டிய காஸ்லிங் கறுப்பின் கையில் இருக்கிறது. வெள்ளை ஈ5இலிருந்து டி6க்கு வெட்டிய பிறகு கறுப்பு காஸ்லிங் செய்யாமல் ராஜாவை எஃப்8க்குத் தள்ளிவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. வெள்ளை ராஜா ஈ1இலும், காஸ்லிங் செய்ய ஒரு யானையும் இருந்து, வெள்ளையின் காஸ்லிங் உரிமையே கறுப்பின் கடைசி நகர்வைக் கட்டிப்போடுகிற மாதிரி அமைத்தால்தான் அந்த விளையாட்டு ஓடும்.

ஓரச்சிப்பாய்

அப்படி ஒன்று அமைக்கப் பார்க்கிறேன். ராஜா ஈ1இல் இருந்தால் டி6 சிப்பாயால் செக் வராது, டி6லிருந்து ஓர் அடி வந்திருக்கலாம் என்பதை வேறு விதமாக அடைக்க வேண்டும்.

கணக்கன்

டி6இல் இப்போது ஒரு காயை வைத்து அடைக்க முடியாது, ஆன் பாசான் போய் இறங்க வேண்டிய கட்டமே அதுதான், டி7இலிருந்து தாண்டவும் வழி இருக்காது. கறுப்பின் கடைசி நகர்வுக்கு முன் வெள்ளை ஆடிய நகர்வைப் பிடியுங்கள். டி6இல் கறுப்புச் சிப்பாய் நின்றிருந்தால் வெள்ளைக்கு அதற்கு முன் ஆட காஸ்லிங்கைக் கெடுக்காத ஒரு நகர்வும் இருந்திருக்கக் கூடாது, அந்த மாதிரி அமையுங்கள்.